பன்னிரண்டு நீளக் குமிழ்களும் மார்கழி வெயிலும்

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, பெருமையாகவே சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுடைய வான் வண்டிகள் நான்கு இன்று சுவிஸ் நாட்டின் பாசல் நகரத் தெருக்களில் ஓடுகின்றன. என்னிடம் துப்புரவு வேலை செய்கிறவர்களில் பட்டம் வாங்கியவர்களும் உண்டு. திரிம்பாக் ஊரிலுள்ள எங்கள் தமிழ்க் கோயில் திருவிழாவுக்குப் போனால் எனக்குக் கூட்டம் வழி விடும். யாரையும் அண்ணாந்து பார்த்துப் பழகாதவன் நான். அப்படிப்பட்ட நானே ஒருவனை வாய் திறந்தபடி பார்த்து நின்றிருக்கிறேன். அவன் கானா நாட்டுக்காரன், உதைபந்தாட்டக்காரன். பிற்காலத்தில் அவனைப் பற்றிப் பேப்பரில் எத்தனையோ பேர் எழுதினார்கள். அவர்கள் ஒருவருக்கும் தெரியாத ஒரு பகல் எனக்குத் தெரியும். அன்றைக்கு ஆட்டக்காரர் உடுப்பு மாற்றும் அறையில் இருந்த தமிழன் நான் ஒருவன்தான், அதனால் நானே எழுதுகிறேன்.

எண்பதுகளில் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தேன். வந்து எட்டு வருடம் ஒரு ஹோட்டலின் நிலவறையில் கோப்பை கழுவினேன். குளிர்காலத்தில் விடியுமுன் உள்ளே இறங்கினால் பொழுதுபட்ட பிறகுதான் மேலே வருவேன். எட்டு மார்கழி அப்படிப் போனது. இந்த விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம் எனக்கு நிலத்துக்கு மேலே வேலை கிடைத்தது. பாசலிலிருந்து ரயிலில் போகிற தூரத்தில் ஒரு சிறிய நகரம், அங்கே இரண்டாம் பிரிவில் விளையாடுகிற ஒரு கழகம். பெயர் வேண்டாம். என் ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர் அந்தக் கழகத்தின் நிர்வாகத்திலும் இருந்தார். என் கை வேகத்தைப் பார்த்துவிட்டு அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். வேலைக்கு ‘சொய்க்வார்ட்’ என்று பெயர். ஆட்டக்காரரின் உடுப்பு, சப்பாத்து, பந்து, கோடு போடுகிற சுண்ணாம்பு எல்லாவற்றுக்கும் பொறுப்பானவன் என்று அர்த்தம். நான் எங்கள் ஆட்களிடம் “கழகத்தில் பொறுப்பில் இருக்கிறேன்” என்று சொன்னேன். பொய்யா? இல்லையே. ஆனால் என் மனைவியின் தம்பி ஒருவன் இருக்கிறான், என்னைக் கிண்டல் செய்யவே பிறந்தவன். அவன் ஒருநாள் கழகத்துக்கே வந்து, நான் பெரிய இயந்திரத்துக்குள் காற்சட்டைகளைத் திணிப்பதைப் பார்த்துவிட்டான்.

“அத்தான், பொறுப்பெண்டு சொன்னது இந்தச் சோப்புத் தூளுக்கோ?” என்றான்.

“ஓமடா. பதினெட்டுப் பேரின்ர மானம் என்ர கையிலை” என்றேன். அவனிடம் வாய் கொடுத்துத் தோற்கிற ஆள் நானில்லை.

சப்பாத்து விஷயத்தைச் சொல்லவேண்டும். பந்தடிக்கிற சப்பாத்தின், அதாவது காலணியின், அடியில் ஆறு குமிழ்கள் இருக்கும். முன்னால் நான்கு, குதிக்காலில் இரண்டு. அவை நிலத்தைப் பிடிப்பதற்கு. அந்தக் காலத்தில் நல்ல சப்பாத்துகளில் அந்தக் குமிழ்களைக் கழற்றி மாற்றலாம். நிலம் சேறாக இருந்தால் நீளமான இரும்புக் குமிழ், இறுகிக் கிடந்தால் கட்டைக் குமிழ். அதற்கென ஒரு சாவி உண்டு, அது என் காற்சட்டைப் பையிலேயே இருக்கும். ஆட்டத்துக்கு முன் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் வெளியே போய் நிலத்தை மிதித்துப் பார்த்து, எனக்கு இது போடு, எனக்கு அது போடு என்று வந்து சொல்வார்கள். நான் போட்டுக் கொடுப்பேன். குளிர்காலத்தில் பாதிப்பேர் இந்தக் கரைச்சலே வேண்டாமென்று, அடியில் சின்னச் சின்ன றப்பர்ப் புள்ளிகள் வைத்த சப்பாத்தைப் போட்டுக்கொள்வார்கள்.

கானாக்காரன் அந்த வருடம் ஆடி மாதத்தில் வந்து சேர்ந்தான். இருபது வயது இருக்கும். ஒரு தோள்பை, ஒரு சோடி சப்பாத்து. ஒரு முகவர் அவனை முதலாம் பிரிவுக் கழகம் ஒன்றுக்கு என்று சொல்லிக் கூட்டிவந்து, அது சரிவராமல் எங்களிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். பிறகு அந்த முகவரை யாரும் காணவில்லை. முதல்நாள் பயிற்சியை நான் கோட்டோரம் பந்துப் பையோடு நின்று பார்த்தேன். மற்றவர்கள் ஓடினால் நிலம் அதிரும், குதிரை ஓடுவது மாதிரி. இவன் ஓடியபோது சத்தமே இல்லை. பந்து அவனிடம் போனால் அதுவும் சத்தத்தை நிறுத்திவிட்டது. கையிலிருந்த பையை நான் கீழே போட்டது எனக்கே தெரியவில்லை, பந்துகள் உருண்டு களத்துக்குள் போய்விட்டன, பயிற்சியாளர் என்னைத் திட்டினார். பயிற்சியாளர் ஒரு காலத்தில் நல்ல ஆட்டக்காரராம். இடுப்பில் நோவு, எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பார், கோபம் மட்டும் நேராக வரும்.

ஆனால் அவனுக்கு ஆட இடம் கிடைக்கவில்லை. வெளிநாட்டுக்காரர் இத்தனை பேருக்கு மேல் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கக்கூடாது என்று அப்போது ஒரு விதி. அவனுக்கு முன்னால் வந்த வெளிநாட்டுக்காரர்கள் அந்த இடங்களில் இருந்தார்கள். அதனால் அவன் இரண்டாம் அணியோடு, முப்பது பேர் பார்க்கிற ஆட்டங்களில் ஓடிக்கொண்டிருந்தான்.

புரட்டாதி கடைசியில் குளிர் தொடங்கியதும் அவன் என் அறைக்கு வரத் தொடங்கினான். கழகக் கட்டடத்திலேயே சூடான இடம் என் அறைதான், உடுப்புக் காய வைக்கிற இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். காலைப் பயிற்சி முடிந்தால் அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவான். பாதி இங்கிலீசும் பாதி டொச் என்கிற ஜெர்மனுமாகக் கதைப்போம். இரண்டும் எனக்கு அரைகுறைதான், அவனுக்கு டொச் அரைகுறை. ஆனாலும் நாங்கள் கதைத்ததில் ஒரு சொல்லும் வீணாகவில்லை. அதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

“அங்கிள், உங்கட நாட்டிலையும் கடல் இருக்கோ?” என்று கேட்டான் ஒருநாள்.

“சுத்திவரக் கடல்தான்.”

“அப்ப ஏன் நீங்கள் பந்தடிக்கேல்லை?”

“நான் லொறியிலை மூட்டை ஏத்தினனான். அதை உதைச்சா உருளாது.”

சிரித்தான். பிறகு தன் ஊரைச் சொன்னான். கடற்கரை ஊர். தாய் மீனைப் புகைபோட்டுச் சந்தையில் விற்கிறவள். பையன்கள் பந்தடித்தது கடல் வற்றிய பிறகு தெரிகிற ஈரமணலில். “எங்களிட்டை மணிக்கூடு இல்லை, நடுவரும் இல்லை” என்றான். “கடல் வத்தினாத் தொடங்குவம். கடல் ஏறி வந்து கோல் கம்பத்தைத் தொட்டா ஆட்டம் முடிஞ்சுது. மேலை காஞ்ச மணல், கால் புதையும், ஓடேலாது. தண்ணிக்குக் கிட்ட மணல் இறுக்கம், பறக்கலாம். நான் எப்பவும் தண்ணி ஓரம்தான் ஓடுவன். ஆனா அந்த ஓரம் நிண்ட இடத்திலை நிக்காது, ஏறிக்கொண்டே வரும். ஒரு கண் பந்திலை, ஒரு கண் கடலிலை.”

“தோக்கிற ஆக்கள் கடலைத் திட்டுவினம் போலை.”

“கடலைத் திட்டினவன் ஒருத்தனும் வெண்டதில்லை, அங்கிள்.”

அந்தக் கடற்கரையிலிருந்து தலைநகரத்துக் கழகம் ஒன்று அவனைத் தூக்கிக்கொண்டு போனது. அங்கிருந்து நாட்டின் இளையோர் அணி. அங்கிருந்து எங்கள் உடுப்பு அறை. இதில் எந்த இடத்திலும் அவனுக்காகக் கதைக்க ஒரு ஆள் இருக்கவில்லை. கால் மட்டும்தான் கதைத்தது. என்னைப் போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்காகக் கதைத்தது என் கை.

அவனுடைய ஒப்பந்தம் குளிர்கால இடைவேளை வரைக்கும்தான். மார்கழியில் கடைசி ஆட்டம் முடிந்ததும் கழகம் முடிவு செய்யும். வைத்துக்கொண்டால் அனுமதிப் பத்திரம் நீளும், இல்லையென்றால் விமானச் சீட்டு. இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒன்றுமில்லை, கைகள் மட்டும் ஒரு காலுறையைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தன.

“நத்தார்ப் பண்டிகைக்கு நான் ஊருக்குப் போனா அம்மா சந்தோசப்படுவா. ஒரு கிழமைக்கு. பிறகு சந்தையிலை கேப்பினம், உன்ர மகனை ஏன் திருப்பி அனுப்பினவை எண்டு. அவ என்ன சொல்லுவா? வெளிநாட்டுக்காரருக்கு விதி இருக்கெண்டோ?”

நான் அவன் கையிலிருந்த காலுறையை வாங்கி இயந்திரத்துக்குள் போட்டேன்.

மார்கழி பிறந்தது. கடைசி ஆட்டத்துக்கு முந்தின ஆட்டத்தில் எங்கள் வலது பக்கத்து முன்வரிசைக்காரன், அவனும் வெளிநாட்டுக்காரன், நடுவரோடு வாய் காட்டிச் சிவப்பு அட்டையும் ஒரு ஆட்டத் தடையும் வாங்கினான். கடைசி ஆட்டத்துக்கு இடம் காலி. செவ்வாய்க்கிழமை பயிற்சியாளர் என் அறை வாசலில் சாய்ந்து நின்று கானாக்காரனைப் பார்த்து, “ஞாயிற்றுக்கிழமை நீ. அதுதான் உன் பரீட்சை” என்றார். அவ்வளவுதான். அவர் போன பிறகு அவன் இயந்திரத்தில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ரெலிபோனை எடுத்து எனக்குத் தெரிந்த எல்லாரையும் கூப்பிட்டேன். “ஞாயிறு வந்து பாருங்கோ, என்ர ஆள் விளையாடுறான்” என்று சொன்னேன். பாசலிலிருந்தும் திரிம்பாக் பக்கத்திலிருந்தும் பதினைந்து பேர் வருவதாகச் சொன்னார்கள்.

அந்த வாரம் முழுக்க மழை. சனிக்கிழமை வானம் வெளித்தது, இரவு நிலம் உறைந்தது. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு நான் களத்தைப் பார்க்கப் போனேன். எங்கள் களத்தின் தெற்குப் பக்கம் முழு நீளத்துக்கும் பார்வையாளர் மேடை, உயரமான கூரையோடு. வடக்குப் பக்கம் திறந்தவெளி, அங்கேதான் என் சாமான் கொட்டில். நல்ல வெயில். கொட்டில் பக்கம் குதிக்காலை ஊன்றினேன், கால் புதைந்தது. சேறு. மேடைப் பக்கம் பாதிக் களத்துக்கு நிழல் விழுந்து வெள்ளையாக உறைந்து கிடந்தது. அதையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பார்த்துவிட்டு என்ன நினைத்தேன்? இன்னும் உச்சிவெயில் வரவில்லை, வரட்டும், நிழல் சுருங்கி மேடைக்குக் கீழே போய்விடும், ஒன்றரை மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது அந்தப் பக்கமும் இளகிவிடும் என்று நினைத்தேன். நான் பிறந்த இடத்தில் மத்தியானம் நிழல் காலுக்குக் கீழே கிடக்கும். இந்த நாட்டில் மார்கழிச் சூரியன் தலைக்கு மேலே ஏறுவதே இல்லை, மரத்துக்குமேல் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கிவிடுகிறது என்பது எட்டு வருடம் நிலவறையில் கோப்பை கழுவியவனுக்கு எப்படித் தெரியும்?

உடுப்பு மாற்றும் அறைக்குத் திரும்பினேன். அவன் காலுறையோடு எழுந்து வெளியே போகப் புறப்பட்டான்.

“எங்கை?” என்றேன்.

“நிலத்தை மிதிச்சுப் பாக்க.”

“நான் பாத்திட்டன். நீ இரு, காலைச் சூடா வைச்சிரு. நீளக் குமிழ் போடுறன்.”

கொஞ்சம் யோசித்தான். ஒருவன் தன் காலை இன்னொருவன் கண்ணை நம்பிக் கொடுக்கிறது என்றால் சும்மா விஷயமில்லை. “சரி, அங்கிள்” என்று உட்கார்ந்தான். நான் பன்னிரண்டு குமிழையும் என் கையால் இறுக்கினேன். அவ்வளவு இறுக்கமாக வேறு யாருக்கும் இறுக்கியதில்லை.

ஒன்றரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. நிழல் சுருங்கவில்லை. காலையில் பார்த்ததைவிட ஒரு முழம் கூடத்தான் இருந்தது. முதல் பாதியில் வலது பக்கத்துக்காரனுக்கு மேடையோரக் கோடு. மாற்று ஆட்டக்காரரும் நானும் இருக்கிற வாங்கும் அங்கேதான், எல்லாம் என் கண்ணுக்கு நேரே. முதல் பந்து அவனிடம் வந்தது. திரும்பினான். நீள இரும்பு உறைந்த நிலத்தில் கிறீச்சிட்டது, இரண்டு காலும் ஒரே பக்கம் போக, அவன் விலாப்பக்கமாக விழுந்தான். மேடையில் சிரிப்பு எழுந்தது. இரண்டாவது தடவை பந்தே இல்லாமல் விழுந்தான். மூன்றாவது தடவை விழுந்தபோது மேடையிலிருந்து ஒருவன் சத்தமாக ஏதோ சொல்ல, ஒரு வரிசையே சிரித்தது. என் முதுகுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைத்துனன் நின்றான்.

“அத்தான், உங்கட ஆளுக்கு நடனம் ஆர் பழக்கினது?”

“வாயை மூடடா.”

“இல்லை, பதினைஞ்சு பேரைக் கூப்பிட்டுக் காட்டுறீங்கள், அதுதான் கேக்கிறன்.”

நான் கட்டைக் குமிழ்ப் பெட்டியையும் சாவியையும் எடுத்துக்கொண்டு கோட்டோரம் ஓடினேன். பந்து அந்தப் பக்கம் போயிருந்த நேரம் அவன் பக்கத்தில் வந்தான். “வெளியிலை வா, ரெண்டு நிமிசத்திலை மாத்திறன்” என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பயிற்சியாளர் ஏற்கெனவே இன்னொருவனை எழுப்பி ஓட விட்டுக்கொண்டிருந்தார், அதைத்தான் பார்த்தான்.

“இப்ப வெளியிலை வந்தா திரும்ப உள்ளை விடமாட்டினம்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதன் பிறகு அவன் செய்ததை நான் இன்றுவரைக்கும் வேறு யாரிடமும் காணவில்லை. திரும்புவதை நிறுத்தினான். முழுப் பாதத்தையும் தட்டையாக வைத்து, கண்ணாடித் தரையில் நடப்பவன் மாதிரி நேர்கோட்டில் மட்டும் ஓடினான். பந்து வந்தால் நின்ற நிலையில் தொட்டு உடனே கொடுத்துவிட்டான். விழவில்லை. அழகும் இல்லை. இடையிடையே பந்தை விட்டுவிட்டுக் களத்தின் நடுவை உற்றுப் பார்த்தான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன். மேடையில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். எதிர் அணி ஒரு கோல் போட்டது. பாதிநேரம்.

உடுப்பு மாற்றும் அறையில் நான் தேநீர்க் கேத்தலோடு மூலையில் நின்றேன். பயிற்சியாளர் நேரே அவனிடம் போனார். குனிந்து அவன் காலைத் தூக்கிச் சப்பாத்தின் அடியைப் பார்த்தார்.

“இந்த நிலத்துக்கு இதை ஆர் போட்டது?”

“நான்தான் கேட்டனான்” என்றான் அவன். யோசிக்கவில்லை. என் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

“குளிர்காலம் எண்டா என்னெண்டு தெரியாதவனை வைச்சு நான் என்ன செய்ய? கழட்டு. மற்றவன் போகட்டும்.”

அவன் குனிந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

உள்ளதைச் சொல்கிறேன். முதலில் எனக்கு என் வேலைதான் ஞாபகம் வந்தது. என்னிடமும் அப்போது இருந்தது வருடா வருடம் புதுப்பிக்கிற அனுமதித் துண்டுதான். வேலை போனால் திரும்ப நிலவறை. வெளியே பதினைந்து பேர், கம்பியைப் பிடித்தபடி மைத்துனன். கானாக்காரன் ஒரு சொல்லில் என்னைக் காப்பாற்றிவிட்டான், நான் சும்மா நின்றால் போதும். கயிறு ஒவ்வொரு ஓட்டையாகக் கழன்று வந்தது. அந்தச் சப்பாத்தோடு அவனுடைய நத்தாரும், அந்தத் தாய் சந்தையில் நிற்பதும் சேர்ந்து கழன்று வருவது மாதிரி இருந்தது. கேத்தலை வாங்கில் வைத்தேன்.

“பொய் சொல்லுறான். நான்தான் போட்டனான். அவன் நிலத்தைப் பாக்கப் போனவன், நான்தான் மறிச்சனான்” என்றேன். என் டொச்சில் இதைவிட நீளமான வாக்கியத்தை அதற்கு முன் நான் சொன்னதில்லை.

பயிற்சியாளர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“நீ எந்தப் பக்கம் பாத்தனி?”

“கொட்டில் பக்கம். வெயில் பக்கம். மற்றப் பக்கமும் மத்தியானம் இளகுமெண்டு நினைச்சன்.”

“மார்கழியிலையோ?”

“எங்கட ஊரிலை இளகும்.”

யாரோ ஒருவன் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினான். அப்போதுதான் கானாக்காரன் தலையை நிமிர்த்தினான். கயிற்றை அவிழ்ப்பதை நிறுத்தியிருந்தான்.

“இப்ப நான் ஓடப்போறது கொட்டில் பக்கம்” என்றான்.

நான் சொல்லவேண்டியதில்லை, பாதிநேரத்தில் அணிகள் பக்கம் மாறும். முதல் பாதியில் மேடையோரம் ஓடிய வலது பக்கத்துக்காரன் அடுத்த பாதியில் எதிர்க் கோட்டோரம் ஓடுவான். அவன் அடக்கமாக, பாடம் ஒப்புவிக்கிற மாதிரி, ஒவ்வொன்றாகச் சொன்னான். அந்தப் பக்கம் சேறு. எதிர் அணியில் தன்னை மறிக்கப்போகிறவன் போட்டிருப்பது றப்பர்ப் புள்ளிச் சப்பாத்து, அது சேற்றில் நிற்காது. தொடங்கும்போது நிழலின் ஓரம் நடுவட்டத்தின் நடுவில் இருந்தது, பாதிநேரத்தில் வட்டத்தைத் தாண்டிவிட்டது.

“கடல் மாதிரி ஏறுது, வரவரக் கெதியா. அது என்ர கோட்டுக்கு வர இன்னும் அரை மணித்தியாலம் இருக்கு. அதுவரைக்கும் விடுங்கோ. வந்திட்டா சேறு திரும்ப உறைஞ்சிடும், நானே வெளியிலை வாறன்.”

விழுந்து எழும்பிய அந்த நாற்பத்தைந்து நிமிடமும், ஊர் சிரிக்கச் சிரிக்க, அவன் நிழலை அளந்துகொண்டிருந்திருக்கிறான். பயிற்சியாளர் கதவைத் திறந்து வெளியே களத்தைப் பார்த்தார். பிறகு கதவை மூடினார்.

“ஒருக்கா விழுந்தாலும் வெளியிலை” என்றார்.

அவன் கயிற்றைத் திரும்பக் கட்டினான். நான் குனிந்து பன்னிரண்டு குமிழையும் இன்னொரு முறை இறுக்கினேன்.

இரண்டாம் பாதியை நான் வாங்கில் இருந்து பார்க்கவில்லை. களத்தைச் சுற்றி ஓடி என் கொட்டில் வாசலுக்குப் போய்விட்டேன், அவன் ஓடுகிற கோட்டுக்குப் பக்கத்தில். முதல் பந்து வந்தது. அவன் திரும்பினான். நீளக் குமிழ் சேற்றைக் கவ்வியது, எனக்குக் கேட்டது அந்தச் சத்தம், ஈர மண் கிழிகிற சத்தம். மறித்தவன் அவனோடு திரும்பப் போய் முழங்காலில் விழுந்தான். இப்போது மேடையில் சிரிப்பு இல்லை. இரண்டாவது தடவை அவன் மறித்தவனைத் தாண்டிக் கடைசிக் கோடுவரைக்கும் போய்ப் பந்தை நடுவுக்கு அனுப்பினான், எங்கள் ஆள் தலையால் முட்டினான், சமன். அதன் பிறகு எதிர் அணி அவனுக்கு இரண்டு பேரை வைத்தது. இரண்டு பேரும் வழுக்கினார்கள். அவன் மட்டும் அன்றைக்கு அந்தச் சேற்றில் நட்டுவைத்த மரம் மாதிரி நிற்கவும் தெரிந்து, பறக்கவும் தெரிந்து ஆடினான். ஒரு கண் பந்தில், ஒரு கண் நிழலில். ஏறி வருகிற அந்தக் கறுப்புக் கோட்டுக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே வெயில் ஒடுங்கிக்கொண்டே வந்தது. முதலில் ஒரு வீதி அகலம், பிறகு ஒரு ஒழுங்கை அகலம். அந்த ஒழுங்கைக்குள் கடைசியாக ஒரு பந்து வந்தது. நான்கு அடி உள்ளே வெட்டினான், இடது காலால் அடித்தான். பந்து போன வழியை நான் பார்க்கவில்லை. வலை அசைந்ததைத்தான் பார்த்தேன்.

எங்கள் பதினைந்து பேரும் மேடையில் எழும்பி நின்று தமிழில் கத்தினார்கள். சுவிஸ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மைத்துனனின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது: “அது எங்கட அத்தான் போட்ட சப்பாத்து!”

இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நிழல் அவன் கோட்டைத் தொட்டது. அவன் சப்பாத்து நுனியால் புல்லைக் கிண்டிப் பார்த்தான், களத்தைத் தாண்டிப் பயிற்சியாளரைப் பார்த்துக் கையைத் தூக்கினான், மாற்றச் சொன்னான். வெல்லுகிற நேரத்தில், தன் பெயரை மேடை முழுவதும் கூப்பிடுகிற நேரத்தில், தானாக வெளியே வருகிற ஆட்டக்காரனை நான் அதற்கு முன்பும் காணவில்லை, பின்பும் காணவில்லை. முதல் பாதியில் வெளியே வர மறுத்தவன் இவன்தான். பயிற்சியாளர் அவன் தோளில் கை வைத்து ஏதோ கேட்டார். பிறகு நான் அவனிடம் விசாரித்தேன், என்ன கேட்டவர் என்று.

“காலிலை நோவோ எண்டு கேட்டவர். இல்லை, கடல் வந்திட்டுது எண்டு சொன்னனான்.”

திங்கட்கிழமை அவனைக் கழகத் தலைவரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். நான் உடுப்பு அறையில் சேற்றுக் காற்சட்டைகளை ஊறப்போட்டுவிட்டு ஒரே இடத்தில் நின்றேன். அவன் கடதாசியோடு வந்தான். இரண்டு வருடம். எனக்கு வாசிக்கத் தெரியாத டொச், ஆனால் அந்த இலக்கத்தை வாசித்தேன். அவன் வழக்கமான இடத்தில் இயந்திரத்தில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான். நானும் தண்ணீர்க் குழாயை நன்றாகத் திறந்துவிட்டேன், சத்தத்துக்கு.

என்னைப் பயிற்சியாளர் வேலையை விட்டு நிறுத்தவில்லை. தண்டனை ஒன்று தந்தார். இனிமேல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும், ஆட்டம் தொடங்குகிற அதே மணிக்கு, முந்தின நாளே போய் நான்கு மூலையையும் மிதித்துப் பார்த்துச் சொல்லவேண்டும். நான் போனேன். அவனும் கூட வந்தான். குளிர், மழை, பனி எதுவென்றாலும் இரண்டு பேரும் நான்கு மூலைக்கும் நடப்போம், குதிக்காலை ஊன்றித் திருப்புவோம், நிமிர்ந்து சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். அந்தப் பழக்கத்தில்தான் நான் நிலத்தையும் வெயிலையும் படித்தேன். இன்றைக்கு எந்தக் கட்டடத்தின் எந்தப் பக்கக் கண்ணாடியை எத்தனை மணிக்குக் கழுவவேண்டும் என்று என் ஆட்களுக்கு நான் நின்ற இடத்திலிருந்தே சொல்வேன், வெயில் பட்டுக் கோடு விழாமல். பட்டம் படித்தவர்கள் அதிசயப்படுவார்கள்.

அந்த இரண்டு வருடம் முடிவதற்குள் அவனை முதலாம் பிரிவுக் கழகம் வாங்கிக்கொண்டது. பிறகு வேறு நாடு, பெரிய மைதானங்கள். தன் நாட்டு அணிக்கும் ஆடினான்.

அப்படி ஒரு ஆட்டத்தை நாங்கள் எல்லாரும் என் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஆப்பிரிக்க நாடுகளின் போட்டி, பின்னேரம். அணிகள் களத்துக்குள் வந்தன. மற்றவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்க, அவன் மட்டும் தனியாகத் தூரத்து மூலைக்கு நடந்து போய் நின்று முகத்தை வானத்துக்கு நிமிர்த்தினான். வர்ணனையாளர் குரலைத் தாழ்த்தி ஏதோ மரியாதையாகச் சொன்னார்.

“பாருங்கோ அத்தான், உங்கட ஆள் கும்பிடுறான்” என்றான் மைத்துனன்.

“கும்பிடேல்லை. பொறு.”

“பிறகு என்ன, மேலை பாத்து நிக்கிறான்?”

“பொறடா எண்டுறன்.”

அவன் முகத்தை இறக்கினான். வலது குதிக்காலை மண்ணில் ஊன்றி, மெல்ல ஒரு திருப்புத் திருப்பினான். கதிரையில் இருந்தபடியே நானும் என் குதிக்காலைக் கம்பளத்தில் ஊன்றித் திருப்பினேன்.